பூஜ்யம் போட்ட வரிகள்

சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்றாவது வீட்டு மொட்டை மாடியில், இரண்டு மூங்கில் கம்பங்களுக்கு நடுவே ஒரு செம்புக் கம்பி தொங்கும். துணி காயப்போடுகிற கொடி என்றுதான் சந்தில் பலர் பல வருஷம் நினைத்திருந்தார்கள். அதில் ஒரு புடவைகூடக் காய்ந்ததில்லை என்பதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அடுத்த வீட்டைக் கவனிப்பதில் நம் ஜனங்களுக்கு இருக்கிற அக்கறையெல்லாம் வாசல் மட்டத்தோடு நின்றுவிடும். அந்தக் கம்பி வழியாகத்தான் பாலாம்பாளின் அண்ணா சீதாராமன் சைபீரியாவோடும் பல்கேரியாவோடும் பேசிக்கொண்டிருந்தார்.

பேசினார் என்றால் வாயால் இல்லை. மரப்பலகையில் பொருத்திய ஒரு பித்தளைச் சாவி. அதை அழுத்தி அழுத்தி விட்டால் குறிலும் நெடிலுமாக ஓசை போகும். தந்தி ஆபீஸ் ஓசைதான். சர்க்காரில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துக்கொள்கிற ஹாம் ரேடியோக்காரர்கள் அந்தக் காலத்து மதுரையில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். சீதாராமன் ஐம்பத்தாறிலேயே லைசென்ஸ் வாங்கியவர். கல்லூரி ஒன்றில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். அறுபத்தாறில் கண் அழுத்தம் வந்து இரண்டு கண்ணும் போயிற்று. வேலை போனது. ரேடியோ போகவில்லை, அதற்குக் காது போதும்.

கண்ணுக்குத் தங்கை இருந்தாள். பாலாம்பாள் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் குமாஸ்தா. வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ் எல்லாம் அவள் கையெழுத்து. முப்பது வருஷத்தில் அவள் எழுதிய பக்கத்தில் அடித்தல் திருத்தல் பார்த்தவர் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊர் கேட்டுப் பார்த்து, பதில் வராமல், அதுவும் சலித்துப்போய் விட்டுவிட்டது. காலையில் அண்ணாவுக்குப் பேப்பர் படிப்பாள். சாயங்காலம் வந்து கடிதம் படிப்பாள். மருந்துச் சீட்டு, ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, மின்சார ஆபீஸ் நோட்டீஸ், எதுவானாலும் அவள் வாய் வழியாகத்தான் அவருக்குள் போகும். அச்சில் இருப்பது ஒன்று, அவள் படிப்பது ஒன்று என்று இருக்கக்கூடும் என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை. நம் கண் நம்மை ஏமாற்றுமா என்று நாம் யோசிப்பதில்லை அல்லவா, அப்படி.

வருஷத்துக்கு ஒரு முறை, டிசம்பரில், ஐரோப்பியச் சங்கம் ஒன்று போட்டி நடத்தும். நம் நேரத்துக்குச் சனிக்கிழமை விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி, மறுநாள் ஐந்தரைக்கு முடியும். அதற்குள் யார் அதிகம் பேரோடு தொடர்பு கொள்கிறார்களோ அவர் கெட்டிக்காரர். தொடர்பு என்றால் குசலம் விசாரிப்பது இல்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர்போல ஓர் அழைப்புக்குறி உண்டு. அதைச் சொல்லி, ஓசை எப்படிக் கேட்கிறது என்பதற்கு மூன்று எண் கொடுத்து, இது தன்னுடைய எத்தனையாவது தொடர்பு என்ற வரிசை எண்ணையும் கொடுத்தால் முடிந்தது. அரை நிமிஷம். பிறகு அடுத்த ஆள். சீதாராமன் காதில் விழுந்ததை வாயால் சொல்லிக்கொண்டே போவார். பாலாம்பாள் லாக் புத்தகத்தில் மணி, குறி, எண் என்று கட்டம் கட்டமாக எழுதுவாள். நடுநடுவே டிரான்ஸ்மிட்டரின் மீட்டரில் முள் எங்கே நிற்கிறது என்றும் பார்த்துச் சொல்வாள்.

போட்டியில் ஒரு விதி உண்டு. ஓர் ஆளோடு ஒரு தடவைதான் செல்லும். இரண்டாம் தடவை பேசினால் அது டூப்ளிகேட். பாலாம்பாள் அதற்கு 'இரட்டை' என்று பெயர் வைத்திருந்தாள். இரட்டை வருவது குற்றமில்லை. நூற்றுக்கணக்கான பேர் ஒரே சமயத்தில் கூவுகிற சந்தையில் அது வரத்தான் செய்யும். ஆனால் அந்த வரிக்கு நேரே புள்ளிக் கட்டத்தில் நாமே பூஜ்யம் போட்டு அனுப்ப வேண்டும். போடாமல் விட்டதைச் சங்கத்தார் கண்டுபிடித்தால் ஒன்றுக்கு மூன்றாகப் புள்ளியைப் பிடுங்குவார்கள். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போனால் லாக்கையே தள்ளிவிட்டு, தள்ளப்பட்டவர் பட்டியலில் பெயரை அச்சடித்து உலகம் பூராவும் அனுப்புவார்கள்.

விதி இல்லாத வழக்கம் ஒன்றும் உண்டு. ஏற்கெனவே பேசிய ஆள் மறுபடியும் கூப்பிட்டால், "நாம் முன்பே பேசியாயிற்று" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லக் கூடாது. பேசாமல் இன்னொரு தடவை எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அவர் புத்தகத்தில் நம் பெயர் சரியாக விழாமல் போயிருக்கலாம். தர்க்கம் பண்ணுகிற நேரத்தில் எண்ணையே கொடுத்துவிடலாம். சில அவசரக்காரர்கள் மட்டும் 'பி ஃபோர்' என்று அனுப்பிவிட்டுப் போவார்கள். முன்பே ஆயிற்று என்பதன் சுருக்கம். சீதாராமனுக்கு அதைக் கேட்டாலே எரியும். வாசலில் வந்து நிற்கிறவனைப் பார்த்து நேற்றுத்தானே வந்தாய் என்று எவனாவது கேட்பானா என்பார். தன்னிடம் இரண்டாம் தடவை வருகிறவருக்கு மரியாதையாக எண்ணைக் கொடுத்துவிட்டு, தலையை லேசாகத் திருப்பி, "பூஜ்யம் போட்டுக்கோ" என்பார். அவள் போட்டுக்கொள்வாள்.

அதற்குத்தான் அவருக்கு ஊர் ஊராகப் பெயர். மற்றவர்கள் எல்லாரும் போட்டியின்போது பக்கத்தில் ஒரு பெரிய தாளை வைத்துக்கொண்டு, வந்த குறிகளை எழுத்து வாரியாகக் கட்டத்தில் நிரப்பி, ஒவ்வொரு தடவையும் தேடிப் பார்ப்பார்கள். சீதாராமனுக்குத் தாள் கிடையாது. நானூறு குறியும் தலைக்குள் இருக்கும். அவர் யாரையும் இரண்டாம் முறை தேடிப்போய்க் கூப்பிட்டதே இல்லை. போட்டி முடிந்தபின் பாலாம்பாள் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு ஒரு தாள் தயாரித்துச் சரிபார்ப்பாள். அண்ணா சொன்ன பூஜ்யங்களுக்கு மேல் ஒன்றுகூட அகப்படாது. கண் போன மனுஷருக்கு உலகத்தில் பெருமைப்பட்டுக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவர் அதைக் கொஞ்சம் அதிகமாகவே பட்டுக்கொண்டார்.

எழுபத்தொன்பது டிசம்பர் போட்டிக்குப் பிறகு பாலாம்பாள் தாளில் சரிபார்த்தபோது இரண்டு இரட்டை அதிகம் இருந்தது. அண்ணா சொல்லாத இரட்டை. அவரே தேடிப்போய்க் கூப்பிட்டது. களைப்பு என்று நினைத்து அவளே பூஜ்யம் போட்டு அனுப்பினாள். மறுவருஷம், போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அவளுக்கு ஒரு குறி பழகினதாகத் தெரிந்தது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இவர் காத்தாலயே வந்தாச்சே" என்றாள். அவர் சிரித்தார். நீ தப்பாக எழுதியிருப்பாய் என்றார். ஆனால் சிரித்த அடுத்த விநாடி அவர் முகம் எப்படி ஆயிற்று என்பதை அவள் பார்த்துவிட்டாள். அன்று பகல் அவர் இலையில் உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்து, அப்படியே எழுந்துவிட்டார். அதற்கப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வருஷம் பதினொன்று. எண்பத்தொன்றில் நாற்பத்தொன்று.

வீட்டிலும் அடையாளங்கள் இருந்தன. அடுத்த வரிசை எண் என்ன என்று அவளைக் கேட்கத் தொடங்கியிருந்தார். மாத்திரை போட்டுக்கொண்டு, மாத்திரை எங்கே என்பார். தெரிந்தவர்கள் வயசு என்றார்கள். வயசுதான், அறுபத்தொன்று. அந்த வயசில் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாம் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தொன்று போட்டியின் முடிவு எண்பத்திரண்டு செப்டம்பரில் வந்தது. கப்பல் தபாலில் வருகிற ஒல்லிப் புத்தகம். பக்கத்துக்கு ஐம்பது பெயர். ஒவ்வொரு பெயருக்கும் நேரே செல்லுபடியான தொடர்பு, இரட்டை, இடம். அண்ணா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துத் தேடிப் பிடித்தாள். தொடர்பு முந்நூற்று எழுபத்தொன்று, இரட்டை நாற்பத்தொன்று, ஆசியாவில் முப்பதாவது இடம் என்று அச்சாகியிருந்தது. "தொடர்பு நானூற்றுப் பத்து. இரட்டை ரெண்டு. ஆசியாவிலே ஒன்பதாவது" என்று படித்தாள்.

முப்பது வருஷமாகப் பதிவேட்டில் ஓர் எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள் அவள். வாய் கூசியது. ஆனால் அண்ணாவின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும், கூச்சத்தை விழுங்கிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை சுருளி வந்தான். உசிலம்பட்டியில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன். அங்கே பழகிய தந்தியை விட முடியாமல், ஊருக்கு வந்து அவனும் லைசென்ஸ் வாங்கி ஒரு சின்ன நிலையம் வைத்திருந்தான். கம்பி வாங்கச் சிம்மக்கல் வந்தால் அண்ணாவைப் பார்க்காமல் போகமாட்டான். மாடியில் மூங்கில் கம்பத்தை மாற்றிக் கட்டுவதும் அவன்தான். சீதாராமன் அவனிடம் ஒன்பதாவது இடத்தைச் சொன்னார். பெருமையாகச் சொன்னார். மேஜைமேல் கிடந்த புத்தகத்தைச் சுருளி எடுத்துப் புரட்டினான். அந்தப் பக்கம் வந்தது. நின்று படித்தான். பிறகு பாலாம்பாளை நிமிர்ந்து பார்த்தான். புத்தகத்தை மூடி வைத்தான். நல்ல இடந்தாண்ணே என்றான்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, போன போட்டியில அண்ணே என்னயவே மூணு தடவ கூப்ட்டாரு. மூணு தடவயும் நம்பர் குடுத்தேன். ஏற்கெனவே பேசியாச்சுண்ணேன்னு நான் எப்புடிச் சொல்ல? எல்லாரும் இப்புடித்தான் குடுத்துக்கிட்டு இருப்பாய்ங்க போல."

அப்போதுதான் பாலாம்பாளுக்கு முழுசாக உறைத்தது. உலகம் பூராவும் அண்ணாவிடம் மரியாதையாக இருக்கிறது. ரஷ்யாக்காரர், ஜப்பான்காரர், உசிலம்பட்டிக்காரர் எல்லாரும் அவர் மறந்துபோனதை அவரிடம் சொல்லாமல், அவர் போற்றிய அதே வழக்கப்படி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு நல்ல மனுஷரை இருட்டில் வைத்திருந்தார்கள். அதில் முதல் ஆள் அவள்தான்.

அடுத்த வருஷமும் பொய்தான் படித்தாள். ஒரு பொய்யை நிற்க வைக்க எத்தனை முட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்த வருஷம் ஒன்பது என்றால் அடுத்த வருஷம் பத்தோ பதினொன்றோ என்று இருக்க வேண்டும். புள்ளியும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும். பள்ளிக்கூட இடைவேளையில் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டாள். காகிதத்தைக் கிழித்து மென்றுவிடலாம்போல இருந்தது அவளுக்கு.

எண்பத்து மூன்று டிசம்பர் போட்டி. சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. ஐரோப்பா நன்றாகக் கேட்கிற நேரம். சந்தில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணா ஒரு பல்கேரியாக்காரரைக் கூப்பிட்டார். பதில் வந்தது; ஹெட்போன் ஓரமாகக் கசிந்து அவளுக்கும் கேட்டது. பாலாம்பாளுக்குத் தந்தி தெரியாது; ஆனால் பதினேழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த காதுக்கு ஏழெட்டு ஓசை தெரியும். அண்ணாவின் குறி தெரியும், எண் ஒன்பது தெரியும், விடைபெறுகிற ஓசை தெரியும். அண்ணாவுக்கு எரிச்சல் மூட்டுகிற அந்த ஓசையும் தெரியும். ஒரு நெடில், மூன்று குறில்; பிறகு நாலு குறில், ஒரு நெடில். பி ஃபோர். முன்பே ஆயிற்று.

அண்ணா தன் குறியை இன்னொரு தடவை நிதானமாக அனுப்பினார். தன்னை வேறு யாரோ என்று நினைத்திருப்பான் என்று முணுமுணுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து அதே ஓசை வந்தது. இந்தத் தடவை இரண்டு முறை.

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதற்குள்ளிருந்து பல்கேரியாக்காரர் வேறு யாரையோ கூப்பிடுவது பூச்சிச் சத்தமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பாலா, பக்கத்தைத் திருப்பிப் பாரு. இவன் இருக்கானா?"

அவள் திருப்ப வேண்டியதே இல்லை. எட்டு நாற்பத்தைந்துக்கு எழுதியது நினைவிருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் நம்பிவிடுவார், பல்கேரியாக்காரன் மடையன் ஆகிவிடுவான், போட்டி தொடரும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அண்ணா அவளைக் கேட்ட கேள்வி அது. தன் கண்ணிடம் கேட்டது. அதற்கு மேல் அவளால் முடியவில்லை.

"இருக்கான்" என்றாள். "காத்தால எட்டே முக்காலுக்கு."

"வேற?"

அவள் எண்ணிச் சொன்னாள். இன்று இதுவரைக்கும் இருபத்தாறு. அவர் போன வருஷம் எத்தனை என்றார். சொன்னாள். அதற்கு முன் வருஷம்? அதையும் சொன்னாள். வெளியே மூட்டைக்காரர்கள் கூலிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர், ஒன்பதாவது இடம் என்று படித்தாயே என்றார். அவள் முப்பதாவது என்றாள்.

"எனக்கு ஞாபகம் போறதுன்னா போகட்டும். அது என் தலையெழுத்து. ஆனா நீ படிக்கறது அச்சிலே இருக்கறதுதான்னு நினைச்சுண்டு இருந்தேனே. இனிமே எதை நான் நம்பறது, சொல்லு."

அன்றைய போட்டி அத்தோடு நின்றது.

அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் யாரும் எதையும் படிக்கவில்லை. காலையில் பேப்பர் மடித்தபடியே கிடந்தது. சுருளி வந்தபோது, நீயும்தான் பார்த்துவிட்டு மூடி வைத்தாய் என்று ஒரே வாக்கியத்தில் அவனையும் தள்ளிவிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டுப் போனான். டில்லியிலிருந்து லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. தபால்காரரை வாசலிலேயே நிறுத்தி அவரைப் படிக்கச் சொன்னார். அந்த மனுஷர் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் பாதி படித்து, மீதியைக் குத்துமதிப்பாகச் சொன்னார். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த பாலாம்பாளுக்கு அழுகை வந்தது. மூன்றாம் மனுஷர் பாதி தப்பாகப் படிப்பது, தான் முழுக்கச் சரியாகப் படிப்பதைவிட நம்பகமாகப் போய்விட்டதே என்று அழுதாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவள் ஐந்து வருஷத்து லாக்கையும் எடுத்துக்கொண்டு அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவர் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எழுபத்தொன்பதிலிருந்து தொடங்கினாள். பூஜ்யம் போட்ட ஒவ்வொரு வரியையும், நாள், மணி, குறி, முதல் தடவை எப்போது, இரண்டாம் தடவை எப்போது, ஒன்றுவிடாமல் படித்தாள். சுருளியின் குறி மூன்று தடவை வந்த இடத்தில் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு இரண்டு போட்டிப் புத்தகங்களையும் எடுத்து அச்சில் இருந்தபடி படித்தாள். முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. தொண்டை கட்டிவிட்டது.

அவர் தண்ணீர் குடி என்றார். மூன்று வாரத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவள் குடித்துவிட்டு வந்ததும் சொன்னார்.

"இனிமே நல்லதோ கெட்டதோ, இருக்கறதைப் படி. நான் மறந்தாலும் நீ மாத்தாதே."

சரி என்றாள். சத்தியம் பண்ணுகிற வழக்கமெல்லாம் அவளுக்கு இல்லை. அவள் சரி என்றால் சரி.

எண்பத்து நாலு போட்டிக்கு அவள் ஒரு தாள் தயாரித்தாள். பள்ளிக்கூட வரைபடத் தாள், முழுசாக ஒன்று, எழுத்து வாரியாகக் கட்டம். அண்ணா ஒரு குறியைச் சொன்னதும் தாளில் தேடுவாள். புதுசென்றால் அவர் முழங்கையில் ஒரு தட்டு. முன்பே வந்தவர் என்றால் இரண்டு தட்டு. இரண்டு தட்டு விழுந்தால், தான் தேடிப்போன ஆளை அவர் கூப்பிடாமல் விட்டுவிடுவார். அவராகத் தேடி வந்தவருக்கு மட்டும் வழக்கப்படி எண்ணைக் கொடுத்து, பூஜ்யம் போட்டுக்கோ என்பார். முதல் மணியில் இரண்டு தட்டு விழும்போதெல்லாம் அவர் தோள் லேசாகத் துள்ளியது. பத்து மணிக்கு மேல் துள்ளவில்லை. முன்போல நானூறெல்லாம் முடியவில்லை. குறிகளே அவருக்கு நழுவிக்கொண்டிருந்தன, கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்குள் பாதி போய்விடும். இருட்டினதும் போதும் என்று எழுந்துவிட்டார். அவர் கடைசியாக ஆடின போட்டி அதுதான்.

அதற்குப் பிறகு இறக்கம் வேகமாக இருந்தது. எண்பத்தைந்து கோடையில், மறுபடியும் வரத் தொடங்கியிருந்த சுருளியை யார் என்று கேட்டார். சுருளி தன் பெயரைச் சொல்லவில்லை. மேஜையில் விரலால் தன் குறியைத் தட்டிக் காட்டினான். அட, நீயா என்றார். வேனல் முடிவதற்குள் அதுவும் சில நாள் பலித்தது, சில நாள் பலிக்கவில்லை. சாப்பிட்டாயிற்றா, பள்ளிக்கூடம் போகவில்லையா, விளக்கு ஏற்றினாயா என்று ஒரே கேள்வி நாளைக்கு இருபது தடவை வரும். பாலாம்பாள் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரியே பதில் சொல்வாள். பக்கத்து வீட்டு ஜகதாம்பாள் மாமி, உனக்கு எப்படித்தான் பொறுமை இருக்கிறதோ என்று வியந்தாள். அது பொறுமை இல்லை, பழக்கம். இரண்டாம் தடவை கூப்பிடுகிறவருக்கும் எண்ணைக் கொடுத்துவிட வேண்டும் என்பதை அவள் பதினெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாள்.

அந்த ஆகஸ்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள், கப்பல் தபாலில் புத்தகம் வந்தது. ஞாயிறு காலை அவர் தெளிவாக இருந்தார். புத்தகம் என்றதும் தானே நாற்காலியைத் தேடி வந்து உட்கார்ந்தார். அவள் விரலை வைத்துப் படித்தாள்.

"தொடர்பு நூத்தி நாப்பத்தாறு. இரட்டை பத்தொன்பது. ஆசியாவிலே அறுபத்து மூணாவது."

அறுபத்து மூன்றா என்று கேட்டுக்கொண்டார். முகம் வாடியது. பிறகு, இரட்டைக்கெல்லாம் பூஜ்யம் போட்டு அனுப்பினோமா என்றார். போட்டோம் என்றாள். அப்போது சரி என்று தலையை ஆட்டினார்.

கால் மணி கழித்துப் புத்தகம் வந்ததா என்றார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தைப் பிரித்து, அதையே படித்தாள். அதே வாட்டம், அதே கேள்வி, அதே பதில். சமையல் நடுவில் ஒரு தடவை. சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் அறுபத்து மூன்று அவருக்குப் புதுசாக வலித்தது. அதைப் பார்க்கிறது அவளுக்குத் தாங்கவில்லை. ஒன்பது என்று சொல்லிவிடலாம். சாயங்காலம் வரைக்கும் சந்தோஷமாக இருப்பார். நாளைக்கு இது எதுவுமே அவர் தலையில் இருக்கப் போவதில்லை. இந்தத் தடவை கண்டுபிடிக்க உலகத்தில் யாரும் இல்லை. அவள் சொன்ன சரியைக் கேட்டவரே அதை மறந்தாயிற்று. அவள் மட்டும்தான் மறக்கவில்லை. ஐந்தாவது தடவையும் அச்சில் இருந்ததையே படித்தாள்.

சாயங்காலம் வெயில் தணிந்து, மாடிக் கம்பியில் காக்காய் வந்து உட்கார்ந்திருந்தது. உள்ளே அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். புத்தகம் வந்ததா என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். எதையோ தேடுகிறவர்போல முழங்கையைத் தடவிக்கொண்டார்.

"பாலா, இதை நான் முன்னாடியே கேட்டேனோ?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் முழங்கையில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினாள்.

"கேட்டே அண்ணா. அஞ்சு தடவை. இது ஆறாவது."

அவர் தலையை லேசாக அவள் பக்கம் திருப்பினார், பழைய நாளில் சாவியிலிருந்து திருப்புவதுபோல.

"அப்போ பூஜ்யம் போட்டுண்டு படி" என்றார்.

பாலாம்பாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தைப் பிரித்து, பெயருக்கு நேரே விரலை வைத்து, முதலிலிருந்து படித்தாள்.